மொச்சை ‘ம்’ கொட்டுகிறது: பதின்வயதுப் பிள்ளைகளோடு ஒரு ரோபோ செய்த பதிவு

எங்கள் ரோபோ மொச்சை இப்போது நன்றாக இயங்குகிறது. உயரம் 23 செ.மீ., எடை 740 கிராம், பொருள் செலவு ₹2,060. திருப்பூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசிப்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. முதுகில் கை வைத்தால் மூச்சு விடும், தலையைச் சாய்க்கும், அவ்வப்போது ‘ம்’ கொட்டும். கையை எடுத்தால் நிறுத்திக்கொள்ளும். வேறு எதுவும் செய்யாது. என் கையில் ஆரம்பத்தில் இருந்த திட்டம் வேறு: கேள்வி கேட்டால் தமிழில் பதில் சொல்லும், படிப்பு அட்டவணை போட்டுத் தரும், திரையில் கண் சிமிட்டும் ஒரு பெட்டி. அதை இந்த மொச்சையாக மாற்றியது 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள். எப்படி மாறியது, எதில் காசு போனது, எது உடைந்தது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி யாராவது ஆரம்பித்தால் உதவும்.

என் தொழில் நிட்டிங் மெஷின் கன்ட்ரோல் போர்டு சர்வீஸ். சால்டரிங், மீட்டர் எல்லாம் கைக்குப் பழக்கம். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்றை வடிவமைப்பது புதிது. அதனால் தொடங்கும் முன் படித்தது இரண்டு வேலைகளைப் பற்றி. ஒன்று, சியாட்டலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ‘ஈமார்’. பள்ளியில் பதின்வயதினரின் மன அழுத்தத்தை அறிவதற்கான ரோபோ அது. எலின் பியோர்லிங், எம்மா ரோஸ் இருவரும் அதைப் பதின்வயதினரையே கூட்டாளிகளாக வைத்து வடிவமைத்தார்கள். அந்த அனுபவத்தைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 2019-ல் வந்தது. இரண்டாவது, கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சுகிதானும் கை ஹாஃப்மனும் செய்த ‘பிளாசம்’. உள்ளே மரப் பலகை, ரப்பர் பேண்டு, நூல்; வெளியே கம்பளி நூலில் பின்னிய உறை. திருப்பூர்க்காரனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பனியன் துணியும் எலாஸ்டிக்கும் எங்கள் ஊரில் எடைக்குக் கிடைக்கும்.

நூலகருக்கு விஷயம் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களைத் தந்தார். பெற்றோருக்கு ஒரு கடிதம், பிள்ளைகளுக்குத் தனியாக இன்னொரு தாள். ‘எனக்கு விருப்பம், வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்வேன்’ என்று அவர்களே கையெழுத்துப் போட்டார்கள். முகம் தெரியும் படம் எடுப்பதில்லை என்று முடிவு. இதைச் சடங்காக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். அந்தத் தாளைப் படித்த பிறகுதான் ஒரு பெண் முதல்முறையாக வாயைத் திறந்து, “அப்போ நாங்க சொல்றது நெசமாவே நடக்குமுங்களா?” என்று கேட்டாள்.

முதல் நாள் வெள்ளைத்தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, உங்களுக்குப் பிடித்த ரோபோவை வரையுங்கள் என்றேன். வந்தது எல்லாம் சினிமா ரோபோ. சதுரத் தோள், சிவப்புக் கண், கையில் லேசர். அழகாக வரைந்திருந்தார்கள், ஆனால் அதில் அவர்கள் யாருமே இல்லை. அடுத்த வாரம் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வியை மாற்றினோம்: பொதுத்தேர்வுக்குப் பத்து நாள் முன்னால், ராத்திரி, படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. யாரிடம் போவீர்கள்? அவர் என்ன செய்தால் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்காருவீர்கள்?

இதை நடித்துக் காட்டச் சொன்னோம். ஒருவர் ரோபோ, தலையில் அட்டைப்பெட்டி. ஒருவர் மாணவர். மற்றவர்கள் பார்ப்பார்கள், மாணவர் எப்போது எழுந்து போகிறார் என்று குறித்துக்கொள்வார்கள். வேறு அளவுகோல் இல்லை. ‘அஞ்சு மணிக்கு எந்திரி’ என்ற ரோபோவிடம் யாரும் நிற்கவில்லை. ‘கவலைப்படாதே, உன்னால் முடியும்’ என்ற ரோபோவுக்கும் அதே கதிதான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. தலையைச் சாய்த்து, ‘ம்… ம்…’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த பிளஸ் ஒன் பெண் கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் தொடங்கி வீட்டில் அண்ணனோடு நடந்த சண்டை வரைக்கும் போய்விட்டாள். நாங்கள்தான் நேரமாச்சு என்று நிறுத்தினோம். பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ கொட்ட ஆள் இல்லாவிட்டால் கதை நின்றுபோகுமே, அதேதான். அந்த மதியத்தோடு என் பதில் சொல்லும் பெட்டி கைவிடப்பட்டது.

அடுத்து உருவம். எலெக்ட்ரானிக்ஸ் எதையும் தொடாமல், பழைய அட்டைப்பெட்டி, பழம் சுற்றி வரும் ஃபோம் வலை, பனியன் வேஸ்ட் துணி, ஹாட் க்ளூ. முதல் அட்டை உருவம் 40 செ.மீ. மேசை மேல் வைத்ததும் உட்கார்ந்திருப்பவரை அது குனிந்து பார்த்தது. “எக்ஸாம் ஹால் சூப்பர்வைசர் மாதிரி இருக்குதுங்ணா” என்றான் ஒருவன். 30 ஆக்கினோம், பிறகு 23. இந்த உயரத்தில் ரோபோவின் தலை எங்கள் நூலக நாற்காலியில் உட்காருபவரின் மோவாய்க்குக் கீழே வரும். மேசையின் உயரம் 75 செ.மீ. உங்கள் மேசை வேறாக இருந்தால் மேசையிலிருந்து கணக்குப் போடுங்கள். பெட்டி வடிவம் போய், ஒரு பக்கம் லேசாக உள்வாங்கிய வளைவு வந்தது. கையை வைத்தால் உள்ளங்கை அந்த வளைவில் பொருந்துகிறது. மொச்சைக்கொட்டை மாதிரி இருந்ததால் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

கண்ணுக்கு 0.96 அங்குல ஓலெட் திரை வாங்கி வைத்திருந்தேன், ₹210. திரையே வேண்டாம் என்றார்கள். வீட்டில் நாள் முழுக்க ‘போனைக் கீழே வை’ என்று கேட்கிறோம், இதிலும் ஒரு ஸ்கிரீனா என்பது அவர்கள் கேள்வி. சட்டைப் பொத்தான் போட்டுப் பார்த்தோம். 18 மி.மீ. கருப்புப் பொத்தான் இரண்டு, பின்னால் வெல்க்ரோ. ஒட்டி ஒட்டி எடுத்து இடம் பார்க்க முடிந்தது. இரண்டுக்கும் நடுவே 34 மி.மீ. இருந்தபோது உற்று முறைக்கிற மாதிரி இருந்தது. 52-க்குத் தள்ளி, முகத்தின் நடுக்கோட்டுக்கு 6 மி.மீ. கீழே இறக்கியதும் சட்டென்று ஒரு குட்டி உயிர் வந்து உட்கார்ந்தது. வாய் வைத்தால் எப்போதும் ஒரே மனநிலையில் இருக்கும் என்று வாயே வைக்கவில்லை. ஓலெட் திரை என் டிராயரில் இருக்கிறது.

பிறகு ஒரு மறைப்புக்குப் பின்னால் ஆள் வைத்து, மொச்சையை ஆட்டிப் பார்த்தோம். ரோபோ வடிவமைப்பில் இது பழகிய முறை: இயந்திரம் தயாராகும் முன்பே, மறைவில் ஒருவர் இருந்து அது செய்வது போல் இயக்குவது. பொம்மலாட்டம் பார்த்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூண்டில் நரம்பு மூன்று: தலை இடம், தலை வலம், மூச்சு. உள்ளே ஒரு போன், அழைப்பில். மறைவில் இருப்பவர் இன்னொரு போனில் ‘ம்’ சொல்வார். இதில்தான் பெரிய சண்டை கிளம்பியது. உள்ளே போன் இருப்பது தெரிந்ததும், எதிரில் உட்கார்ந்தவர்கள் நிஜமான விஷயம் எதையும் பேசவில்லை. விளையாட்டாகப் பேசினார்கள். ரெக்கார்டு ஆகிறதா, நூலகர் கேட்பாரா, ஸ்கூலுக்குப் போகுமா என்று சந்தேகம். எப்போது ‘ம்’ கொட்டுவது என்று அறிய நான் வைக்க நினைத்திருந்த மைக் மாட்யூலைக் காட்டி, இது சத்தத்தின் அளவை மட்டும்தான் பார்க்கும், பேச்சைச் சேமிக்காது என்று விளக்கினேன். பிளஸ் டூ பெண் ஒருத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “உங்களுக்குத் தெரியும்ணா. வந்து உக்கார்ற புள்ளைக்கு எப்படித் தெரியும்?”

மைக் போனது. அதே வேகத்தில் வைஃபையும் போனது. ‘மாக்ஸி’ என்ற குழந்தைகள் ரோபோவைப் பற்றிச் சொன்னேன். அதன் பேச்செல்லாம் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்தது. 2024 டிசம்பரில் நிறுவனம் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தபோது, பெற்றோர் தங்கள் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வதென்று தவித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன், நம்முடையது கரன்ட் இருக்கும் வரைக்கும் இருக்கணும் என்றான். சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டோம். நிரலில் வைஃபை, ப்ளூடூத் சம்பந்தமாக ஒரு வரிகூடக் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பையன் முழுவதையும் வாசித்துச் சரிபார்த்தான்.

மைக் இல்லாமல் எப்போது ‘ம்’ கொட்டுவது? அதையும் அவர்களே தீர்த்தார்கள். கை வைத்திருந்தால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், கையை எடுத்தால் முடிந்தது. மொச்சையை இயக்கும் சிறிய கன்ட்ரோலர் போர்டான இஎஸ்பி32-லேயே தொடு உணர்வுக் கால்கள் உண்டு என்பதால் தனி சென்சார் வாங்க வேண்டியதில்லை. ஜிபிஐஓ 4 என்ற காலிலிருந்து ஒரு கம்பி, முதுகின் உள்பக்கம் ஒட்டிய காப்பர் ஃபாயில் டேப்புக்குப் போகிறது. என் போர்டில் வந்த எண்கள்: தொடாதபோது 62 முதல் 65, ஃபாயிலை நேராகத் தொட்டால் 15-க்குக் கீழே, ஒரு அடுக்கு பனியன் துணிக்கு மேலே தொட்டால் 30 வாக்கில். இடையில் 10 மி.மீ. ஃபோம் வைத்தால் 58. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஃபோம் ஃபாயிலுக்கு அடியில், துணி நேராக ஃபாயில் மேல். நிலையான ஓர் எண்ணை எல்லையாக வைக்காதீர்கள். மழை நாளில் எல்லாம் நகர்ந்துவிடுகிறது. தொடாத நேரத்துச் சராசரியை மெதுவாகப் புதுப்பித்துக்கொண்டே வந்து, அதில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ‘தொட்டது’ என்று எடுத்துக்கொள்கிறோம். தொடு கம்பியை சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) கம்பிகளோடு சேர்த்துக் கட்டினால் யாரும் தொடாமலே ‘ம்’ கொட்டும். தனியாகக் கொண்டுபோங்கள்.

மூச்சு: சர்வோவில் 12 மி.மீ. நீளக் கை. 40 டிகிரி திரும்பினால் 8 மி.மீ. சொச்சம் மேலே தூக்கும். அதன் மேல் தண்ணீர் பாட்டிலில் வெட்டிய வளைந்த துண்டு, அதன் மேல் ஃபோம், ஃபாயில், துணி. முதலில் ஒரு மூச்சுக்கு 3 விநாடி வைத்திருந்தேன், நாய் இரைக்கிற மாதிரி இருந்தது. என்ன எண் போடுவது என்று ஒவ்வொரு முறையும் நான் லேப்டாப்பில் மாற்றி ஏற்ற, எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரு சோப்பு டப்பாவில் 10 கே பொட்டென்ஷியோமீட்டர் மூன்றைப் பதித்து, 32, 34, 35 கால்களில் இணைத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு குமிழ் மூச்சின் நேரம், ஒன்று மூச்சின் ஆழம், ஒன்று இரண்டு ‘ம்’களுக்கு நடுவே இடைவெளி. இந்தத் திட்டத்தில் மிக உருப்படியாகச் செலவான ₹75 இதுதான். டப்பா கைக்குப் போனதும் என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் மொச்சையின் மேல் கை வைப்பார், இன்னொருவர் குமிழைத் திருப்புவார், ‘இங்க நிறுத்து’ என்பார்கள். ஆளாளுக்கு வேறு எண் வந்தாலும் எல்லாம் 6 விநாடியைச் சுற்றியே நின்றது. உள்ளிழுக்க 2.4, வெளிவிட 3.6. நிமிடத்துக்குப் பத்து மூச்சு. ஓய்வில் இருக்கும் பெரியவர்கள் விடுவது 12 முதல் 20, அதைவிட நிதானம்.

‘ம்’ ஒலிக்கு டிஎஃப்பிளேயர் மினி (கார்டில் உள்ள ஒலியை ஒலிக்கவிடும் சிறு போர்டு), 8 ஜிபி கார்டு, 3 வாட் ஸ்பீக்கர். போர்வைக்குள் போனை வைத்துப் பிள்ளைகளே பதிவு செய்தார்கள். பதினொன்று பதிந்ததில் ஐந்துதான் தேறியது. கடைசியில் தூக்கி முடித்த ‘ம்’ எல்லாம் கேள்வி கேட்பது போல இருந்தது, மேலும் சொல் என்று தூண்டியது. அவை வேண்டாமென்று நீக்கினார்கள். ஒன்று, ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்ற தொனியில் இருந்தது. இந்த நுணுக்கம் என் காதுக்கு எட்டவே இல்லை. ஒவ்வொரு ஒலியின் முன்னும் பின்னும் 50 மில்லி விநாடி சத்தத்தை மெதுவாக ஏற்றி இறக்கினால் ‘டிக்’ சத்தம் போகும். டிஎஃப்பிளேயருக்குக் கட்டளை போகும் ஆர்எக்ஸ் கம்பியில் 1 கே ரெசிஸ்டர் கட்டாயம், இல்லாவிட்டால் இரைச்சல். சத்த அளவு 30-க்கு 11. பக்கத்து மேசையில் பேப்பர் படிக்கும் பெரியவருக்குக் கேட்காது. ‘ம்’ இடைவெளி 5 முதல் 11 விநாடிக்குள் எப்படி வேண்டுமானாலும் மாறும். ஒரே ஒலி அடுத்தடுத்து வராது.

தலைக்கு முதலில் எஸ்ஜி90 சர்வோவை நேராகக் கழுத்தில் மாட்டினோம். நூலகத்துக்கு வந்த ஒரு வாண்டு தலையைப் பிடித்துத் தூக்க, பிளாஸ்டிக் பல் நொறுங்கியது. பிளாசம் வழிக்குப் போனோம்: தலை ஒரு பலகையில், பலகை நான்கு எலாஸ்டிக் துண்டுகளில் தொங்குகிறது, சர்வோ தூண்டில் நரம்பால் இழுக்கிறது. எலாஸ்டிக் ஜட்டி இடுப்புக்குப் போடும் 25 மி.மீ. ரகம். இப்போது தலையை இழுத்தால் கூடவே வரும், விட்டால் திரும்பும், பல்லுக்குப் பாரம் ஏறாது. அசைவும் மெஷின்தனம் குறைந்து மிருதுவாகிவிட்டது. சர்வோக்களை உலோகப் பல் உள்ள எம்ஜி90எஸ் ஆக்கினோம். சும்மா இருக்கும்போது வரும் ‘ஙொய்’ சத்தம் அமைதியான இடத்தில் தாங்க முடியாது. அசைவு முடிந்ததும் சிக்னலைத் துண்டித்துவிட்டால் நின்றுவிடும். எலாஸ்டிக் தலையைத் தாங்கிக்கொள்வதால் தலை சரியாது.

மூன்று சர்வோவும் ஒன்றாகக் கிளம்பும்போது போர்டு ரீசெட் ஆனது. லேப்டாப்பில் போர்டின் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் ‘பிரவுன் அவுட்’, அதாவது வோல்டேஜ் இறங்கிவிட்டது என்ற செய்தி. சர்வோவுக்கு போர்டின் 5 வோல்ட் காலிலிருந்து எடுக்காமல், 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரிலிருந்து தனி லைன், கிரவுண்ட் மட்டும் பொது, சர்வோ லைனில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சரியாகிவிட்டது.

செலவு: இஎஸ்பி32 ₹420, எம்ஜி90எஸ் மூன்று ₹630, டிஎஃப்பிளேயர் ₹140, கார்டு ₹250, ஸ்பீக்கர் ₹70, அடாப்டர் ₹220, கெப்பாசிட்டர், ஒயர், பெர்ஃப் போர்டு ₹120, பனியன் துணி ஒரு கிலோ ₹60, ஃபாயில், ஃபோம், வெல்க்ரோ, பொத்தான், நூல் ₹150. குமிழ் டப்பாவும் உடைந்த எஸ்ஜி90-யும் திரையும் இதில் சேரவில்லை. டீ, பன், தூரத்திலிருந்து வருபவர்களின் பஸ் காசு ரோபோவைவிட அதிகமானது. அதைத் திட்டச் செலவாகவே எழுதுங்கள். பிள்ளைகளின் நேரமும் யோசனையும் இனாம் இல்லை.

வைத்த பிறகு பார்த்தது: சின்னப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கட்டிப்பிடிப்பார்கள், இரண்டு நாளில் சலித்துவிடும். பெரிய பிள்ளைகள் ஆள் இல்லாத நேரத்தில்தான் உட்காருகிறார்கள். நாற்காலி வாசலைப் பார்த்து இருந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பும்படி அவர்களே கேட்டார்கள். திருப்பிய பிறகு அதிகம் உட்கார்ந்தார்கள். யாருக்காவது மனப்பாரம் குறைந்ததா என்று நாங்கள் அளக்கவில்லை, அதற்கான படிப்பும் எங்களிடம் இல்லை. ஆனால் மொச்சையிடம் சொல்லித் தீராத விஷயங்கள் உண்டு என்பதைப் பிள்ளைகள்தான் முதலில் எழுப்பினார்கள். வயிற்றில் ஒரு சிறிய பை தைத்து, அதற்குள் துணி லேபிளில் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயும் குழந்தைகள் உதவிக்கான சைல்டுலைன் 1098-ஐயும் அச்சடித்து வைத்திருக்கிறோம். வெளியே ஒட்டலாம் என்றேன் நான். வெளியே இருந்தால் அதைப் பார்க்கிறவரை மற்றவர்கள் பார்ப்பார்கள், பைக்குள் கைவிடுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார்கள். அதுதான் சரி.

அடுத்ததில் சிலவற்றை மாற்றப்போகிறேன். முதல் நாளே நடிப்பில் தொடங்குவோம், வரைதல் பிறகு. குமிழ் டப்பாவை எல்லாவற்றுக்கும் முன்பே கட்டிவிடுவேன். இந்த முறை வந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள். பள்ளியை நிறுத்திவிட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்களும் இருந்திருந்தால் மொச்சை வேறு மாதிரி வந்திருக்கும். அவர்களுக்கு ஞாயிறு மதியம் தோதுப்படாது, மாலையில் வைக்க வேண்டும். அடாப்டருக்குப் பதில் 18650 பேட்டரி போட்டு, சார்ஜிங்கை வெளியே எடுக்க வேண்டும். இப்போதைய ஒயர் காலில் இடறுகிறது. உறையின் வெல்க்ரோ முதுகில் இருப்பதால் கழற்றும்போது ஃபாயிலும் சேர்ந்து உரிகிறது, அதை அடிப்பக்கம் மாற்றித் தைக்கிறோம். வாரம் ஒருமுறை துவைக்க இரண்டு உறை தேவை. இரண்டாவதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஓரத்தில் ஓவர்லாக் தையல் மட்டும் பாக்கி.